நகலெடுத்த குளிர்

ஜனவரி 8, திங்கள்

சவரிமுத்து சார் எங்கள் பதினோராம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஊரில் ஐம்பது பேரைப் பிடித்து, “கொடைக்கானல் முன்பு போலக் குளிர்கிறதா? இல்லை என்றால் ஏன்?” என்று கேட்டு எழுதவேண்டும். கூடவே நாட்குறிப்பும் எழுதவேண்டுமாம். சாரிடம் காட்டுவதற்கு ஒரு நோட்டு போட்டுவிட்டேன். அதில் வரும் டெய்சி ராணி தினமும் ஐந்தரைக்கு எழுந்து பல் தேய்த்துப் பெற்றோரை வணங்குகிறாள். இது இன்னொரு நோட்டு. இதில் வருவது நான்.

இதில் உண்மை மட்டும்தான் எழுதப்போகிறேன். எனவே முதல் உண்மை.

எங்கள் பள்ளிக்கூடத்து ஆய்வகத்துக்குப் பின்னால் நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால் புல்மேட்டில் ஒரு வெள்ளை மரப்பெட்டி நிற்கும். அதற்குள் ஒரு தெர்மாமீட்டர். முந்தைய ராத்திரி எவ்வளவு கீழே குளிர் இறங்கியதோ அந்த இடத்தில் ஒரு சின்னக் குச்சி நின்றுகொண்டிருக்கும். காலை எட்டரைக்குப் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். நாற்பது வருடமாக, ஞாயிறு கூட விடாமல், பதினோராம் வகுப்பில் இரண்டு பேர் இதைச் செய்கிறார்கள். இந்த வருடம் நானும் வனஜோதியும்.

நான் கடைசியாக மேலே ஏறியது ஜூன் 19. அன்றைக்கு என் காலில் ஏழு அட்டை, வனஜோதி காலில் ஒன்பது. ரத்ததானத்துக்குக்கூட ஒரு வாழைப்பழம் கொடுப்பார்கள்.

மறுநாளிலிருந்து நான் கண்டுபிடித்த முறை: போன வருடப் பதிவேட்டைத் திறப்பது, அதே தேதிக்கு எதிரே இருக்கும் எண்ணைப் பார்ப்பது, ஒரு நாள் அரை டிகிரி கூட்டுவது, மறுநாள் அரை டிகிரி குறைப்பது, நடுவில் சில நாள் அப்படியே விடுவது. சந்தேகமே வராது. ஒரு மாதத்தை வனஜோதி வீட்டு வாசலில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டே முடித்துவிடலாம். இது வானிலை அறிக்கை இல்லை, வாய்நிலை அறிக்கை.

ஜனவரி 11, வியாழன்

கருத்துக் கணிப்பு தொடங்கியது. அம்மாவின் ஸ்வெட்டர் கடைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் ராசாமணி மாமாதான் முதல் பலி.

“எல்லாம் ராக்கெட்டுப்பா. மேல போறப்பல்லாம் வானத்தக் கிழிச்சுக்கிட்டுல்ல போகுது? ஓட்ட விழுந்தா வெயில் உள்ள வரத்தானே செய்யும்?”

“அப்ப தைக்கணுமே மாமா.”

“தைக்கத்தான் அடுத்த ராக்கெட்ட விடுறான்.”

படகுத்துறையில் சோளம் சுடும் அக்கா சொன்னது: “ஞாயித்துக்கெழமயானா அம்புட்டுப் பேரு வந்து மூச்சு விடுறாக. ஊரு சூடாகாம என்ன செய்யும்? நம்ம மூச்சு வேற, மதுரக்காரக மூச்சு வேற.”

அப்பா சுற்றுலா வேன் ஓட்டுகிறார். அவருடைய அறிவியல் எளிமையானது. “சூரியன் பக்கத்துல வந்துருச்சு.”

“எவ்வளவு பக்கத்துலப்பா?”

“வத்தலக்குண்டு வரைக்கும் வந்துருச்சு. நான் டெய்லி பாக்குறேன்ல.”

வருடத்திலேயே பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது ஜனவரியில்தான், அப்போதுதான் நமக்குக் குளிர்காலம், பாடத்திலேயே இருக்கிறது என்றேன். அப்பா ஹாரனைத் தட்டினார். “பக்கத்துல வந்துருக்குன்னு நீயே ஒத்துக்கிட்டேல்ல, அம்புட்டுத்தான்.”

திரும்பி வரும்போது சும்மா இருக்க முடியாமல் ராசாமணி மாமாவிடம் ஒன்றைக் கொளுத்திப் போட்டேன். ஏரியில் பெடல் படகு மிதிக்க மிதிக்க உராய்வில் தண்ணீர் சூடாகி, அந்த ஆவிதான் ஊரைச் சூடாக்குகிறதாம், வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். மாமா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு ஏரியைப் பார்த்தார்.

ஜனவரி 14, ஞாயிறு

படகு ஆவி திரும்பி வந்துவிட்டது! அப்பாவின் வேனில் வந்த சென்னைப் பேராசிரியர் ஒருவர் சொன்னாராம். அவருக்கு டீக்கடையில் யாரோ சொன்னார்களாம். அப்பா என்னிடம், “படிச்ச மனுசன் சொல்றாரு, எழுதிக்க” என்றார். எழுதிக்கொண்டேன். மூன்றே நாளில் என் பொய் பட்டம் வாங்கிவிட்டது.

பொங்கல் விடுமுறைக் கூட்டம். நாள் முழுக்க கடையில் அம்மாவுக்கு உதவி. அம்மாவின் பெயர் ஆக்னஸ். ஏரிச்சாலையில் எல்லோருக்கும் ஆக்னஸ் அக்கா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்த கடை. ஸ்வெட்டர் மூட்டைகளுக்கு நடுவில்தான் நடை பழகினேன், விழுந்தாலும் அடிபடாது.

வந்தவர்கள் ஸ்வெட்டரைப் போட்டு, கண்ணாடி முன் செல்ஃபி எடுத்து, கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு அண்ணன் மங்கி குல்லாவை மாட்டி நாலு படம் எடுத்துவிட்டு, “ரொம்ப ஹாட்டா இருக்கு” என்றான். நான் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

“முன்னாடி மாதிரி குளிருதாம்மா?”

“குளிரு அப்படியேதான்டி இருக்கு. ஆளுகதான் மாறிட்டாக. கார்லயே ஹீட்டர் போட்டு வாராக, ரூமுக்குள்ளயே கெடக்குறாக. வெளிய நின்னாத்தானே குளிரு தெரியும்?”

இதைச் சொன்னபோது அம்மா கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைக்குள் காற்றோட்டம் சரியில்லை.

மதியம் ஒட்டன்சத்திரத்துச் சிவநேசன் அண்ணன் வந்தார். எங்கள் கடையைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்கிறார். ஃபேனும் ஏர்கூலரும் விற்கப்போகிறாராம். கொடைக்கானலில் ஃபேன்! நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். “பாப்பா, போன ஏப்ரல்ல இந்த ஊருக்கு மட்டும் முந்நூறு ஃபேன் ஏத்தி அனுப்புனேன்.” பிப்ரவரி கடைசி வரை காத்திருப்பேன், அப்புறம் பேருந்து நிலையம் பக்கம் வேறு இடம் பார்த்துவிடுவேன் என்றார். அம்மா அவருக்கு டீ சொன்னார்.

ஜனவரி 17, புதன்

போன வருடப் பதிவேட்டில் இன்றைக்கு எண் இல்லை, ஒரு கோடுதான். நானும் ஒரு கோடு போட்டுவிட்டேன். உழைப்பே இல்லாத நாள்.

ஜனவரி 21, ஞாயிறு

சிரிப்பு வராத நாள்.

வியாபாரிகள் கூட்டத்தில் இதே சண்டையாம். பாதிப்பேர் ஊர் சூடாகிவிட்டது என்றிருக்கிறார்கள், பாதிப்பேர் அதெல்லாம் டிவிக்காரன் கதை என்றிருக்கிறார்கள். ராசாமணி மாமா பெடல் படகைத் தடை செய்யச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரப் பார்த்தாராம். அப்போது அம்மா எழுந்து, “எதுக்குச் சண்ட? ஸ்கூல்ல ரிஜிஸ்டர் இருக்கு. எம் மகதான் எழுதுறா. பாத்துச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சாரிடம் அவரே போன் செய்து அனுமதி வாங்கிவிட்டார். மறுக்க வழியில்லாமல் வெள்ளிக்கிழமையே பதிவேட்டைத் தூக்கி வந்தேன். இன்று பூசை முடிந்து வந்ததும் அம்மா சாப்பாட்டு மேசையில் அதைத் திறந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

“நவம்பர் முப்பது, எட்டு. டிசம்பர் இருபத்தொண்ணு, ஆறு. ஜனவரி பத்து, நாலர... பாத்தியாடி? நாலரடி! நான் சொன்னேன்ல?”

அவர் முகம் எனக்குத் தெரியாத ஒரு வயதுக்குப் போய்விட்டிருந்தது.

“அந்தப் பெட்டி பொய் சொல்லாது” என்றார் அம்மா. “மனுசந்தான் சொல்லுவான்.”

சிவநேசன் அண்ணனிடம் முடியாது என்று சொல்லப்போகிறாராம். சீசனுக்கு லூதியானாவிலிருந்து வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சரக்கு எடுக்கப்போகிறாராம். பிப்ரவரி பத்தாம் தேதி ஆர்டர் சொல்லவேண்டும். அப்பா, “ரெண்டு மடங்கா?” என்றார். “எம் மக எழுதிருக்கா” என்றார் அம்மா.

நான் ஆறு இட்லி சாப்பிட்டேன். பசியில்லை. வாய் சும்மா இருந்தால் ஏதாவது சொல்லிவிடும் என்று பயம்.

ஜனவரி 22, திங்கள்

ஏறினேன். நூற்றுப் பன்னிரண்டு படி. மழை இல்லாததால் அட்டை இல்லை. பெட்டிக் கதவில் குளவி கூடு கட்டியிருந்தது. அதற்கு வயது ஏழெட்டு மாதம் இருக்கும்.

பதிவேட்டுக் கணக்கில் இன்றைக்கு ஆறு. குச்சி நின்றது ஒன்பதரையில்.

ஜனவரி 25, வியாழன்

நாலு நாளாக ஏறுகிறேன். ஒன்பதரை, ஒன்பது, பத்து, ஒன்பதரை. சூடான வாரமாக இருக்கலாம். தெர்மாமீட்டருக்குக் காய்ச்சலாக இருக்கலாம்.

வனஜோதி சொன்னாள்: “பேசாம இருடி. பரீச்ச வந்துரும், அப்புறம் இந்த வேல அடுத்த செட்டுக்கு. யாருக்குத் தெரியப்போகுது?”

“எங்கம்மா ரெண்டு மடங்கு சரக்கு எடுக்குறாங்கடி.”

அவள் கடலையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றம் முடிந்து கடைக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். முதல் முறை கொட்டாவி மாதிரி ஆக்கிவிட்டேன். இரண்டாம் முறை, “மிட்டாய் கொடுத்தாங்க” என்றேன். மூன்றாம் முறை அம்மாவே, “என்னடி, மீனு மாதிரி?” என்றார். ஊரில் உள்ள எல்லோரையும் வாயாலேயே கவிழ்க்கிறேன், ஒரு உண்மையை வெளியே தள்ள அந்த வாய்க்குத் தெம்பில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

மதுரையிலிருந்து தேன்மொழி அக்கா என்று ஒருவர் வந்தார். மலை ஊர்களின் வானிலை பற்றி ஆராய்ச்சி செய்கிறார். பள்ளிப் பதிவேடுகள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். சவரிமுத்து சார் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். “நாப்பது வருசம்மா! ஒரு நாள் விடாம நம்ம பிள்ளைக எழுதுனது!” என்று நாற்பது பதிவேட்டையும் ஆய்வக மேசையில் அடுக்கிக் காட்டினார். என்னையும் வனஜோதியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார், கோப்பை மாதிரி.

தேன்மொழி அக்கா படம் எடுத்துக்கொண்டே போனார். பாதியில் வேகம் குறைந்தது.

“சார், இருபத்தஞ்சு வருஷமா உங்க ஊர் மாறவே இல்லையே.”

“அதாம்மா எங்க கொடைக்கானல்!”

“சுத்தி இருக்கிற எல்லா ஊரும் மாறியிருக்கு சார்.” அக்கா இரண்டு மூன்று பதிவேடுகளைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “இந்த ஜனவரி பதினேழு என்ன, ஊர்த் திருவிழாவா? எல்லா வருஷமும் அன்னைக்கு மட்டும் கோடு போட்டிருக்கே?”

சார் எங்களைப் பார்த்தார். வனஜோதி ஜன்னலைப் பார்த்தாள்.

“அன்னிக்குத் தெர்மாமீட்டருக்கு வருச லீவு சார்” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

தேவதாஸ் அண்ணனிடம் (காவலாளி) சாவி வாங்கி, நானும் வனஜோதியும் ஆய்வகத்தில் உட்கார்ந்தோம். வருடம் வருடமாகப் பின்னால் போனோம்.

போன வருடத்து அக்காக்கள் அதற்கு முந்தைய வருடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒரு நாள் அரை கூட்டி, மறுநாள் அரை குறைத்து. அவர்கள் அதற்கும் முந்தைய வருடத்தை. அதற்கு முந்தைய அண்ணன்களும் அப்படியே. என் சொந்த மூளையில் உதித்தது என்று நினைத்திருந்தேன். இருபத்தைந்து வருடப் பாரம்பரியமாம். ஒவ்வொரு செட்டும் தானே கண்டுபிடித்ததாக நினைத்திருக்கும். ஒவ்வொரு ஜனவரி பதினேழிலும் பயபக்தியோடு ஒரு கோடு போட்டிருக்கும்.

“எங்கதான்டி ஆரம்பிச்சுச்சு?” என்றாள் வனஜோதி.

1999இல் நின்றது. அதற்கு முந்தைய வருடத்தில் ஜனவரி பதினேழுக்கு எண் இருக்கிறது. 1999இல்தான் முதல் கோடு. அந்தப் பதிவேடு மட்டும் வேறு மாதிரி இருந்தது: தண்ணீர் பட்டு மை கலைந்த பக்கங்கள், நசுங்கிக் காய்ந்த ஒரு அட்டை, பின்னால் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் பொடி எழுத்து. அந்தக் கட்டத்தை எங்களில் யாருமே நிரப்பியதில்லை. நகலெடுக்க நேரம் பிடிக்கும்.

“டிசம்பர் 21. விரல் மரத்துவிட்டது. பேனா பிடிக்க வரவில்லை.”

“ஜனவரி 10. நாலரை. தண்ணீர்த் தொட்டி மேல் கண்ணாடி போல் பனி. உடைத்து வாயில் போட்டேன். பல் கூசியது.”

அந்த எழுத்தை எனக்குத் தெரியும். ‘ன’வின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கிச் சுருளும். எங்கள் கடை ஸ்வெட்டர் ஒவ்வொன்றின் சீட்டிலும் அந்த வால் தொங்குகிறது. பக்கத்தின் அடியில் கையெழுத்து: மி. ஆக்னஸ், பதினோராம் வகுப்பு.

வனஜோதி ஏதோ கேட்டாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றேன். பழைய பதிவேடு, தூசி அதிகம்.

அம்மா அன்றைக்கு மேசையில் விரல் வைத்துப் படித்தது என் எழுத்தை. ஆனால் குளிர் அவருடையது. அவர் பார்த்து எழுதிய ஒரு குளிர்காலத்தை இருபத்தைந்து தடவை நகலெடுத்து, இதுதான் இந்த வருடம் என்று அவரிடமே நீட்டியிருக்கிறோம். அவர் நம்பாமல் என்ன செய்வார்?

பிப்ரவரி 9, வெள்ளி

நாளை ஆர்டர். இன்று சொல்லிவிட்டேன்.

பள்ளி முடிந்து கடைக்குப் போனேன். ஆள் இல்லை. அம்மா குழந்தைகள் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நானும் ஒன்றை மடித்தபடி சொன்னேன், நிமிராமல். மேலே ஏறாதது, கடலை, அரை டிகிரி, எல்லாம்.

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. ஐந்து ஸ்வெட்டர் ஆனது. ஆறாவதால் என் தலையில் ஓங்கி ஒரு அடி. கம்பளி என்பதால் வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கூட்டத்துல நின்னு சொன்னேன்டி. எம் மக எழுதுறான்னு சொன்னேன்.”

“தப்புதான்மா.”

“உனக்கு முன்னாடி எழுதுனவளுக?”

“அவங்களும்தான். எல்லாரும்.”

“எல்லாருமா? எத்தன வருசமா?”

“இருபத்தஞ்சு.”

“இருபத்தஞ்சு வருசமா ஒரு கழுதகூடவா மேல ஏறல?” என்று கத்திவிட்டார். ராசாமணி மாமா எட்டிப் பார்த்தார். அம்மா பார்த்த பார்வையில் அவர் தலை உள்ளே போய்விட்டது. பிறகு அம்மாவின் குரல் சிறியதாகிவிட்டது. “அப்ப நான் பாத்த அந்த நாலர?”

“அது நீ எழுதுனதும்மா. தொட்டி மேல பனி. உடைச்சு வாயில போட்டேன்னு எழுதிருக்க.”

அம்மா என்னைப் பார்த்தார். கையிலிருந்த சின்ன ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டார்.

“அத எழுதிட்டேனா?” என்றார். “எங்க அப்பா பாத்தா கொன்னுருப்பாரு.”

இன்னொரு ஸ்வெட்டரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டேன். “ஜனவரி பதினேழு ஏன்மா கோடு?”

“அன்னிக்கு...” அம்மா சிரித்துவிட்டார். கோபம் இன்னும் போகாத முகத்திலேயே சிரிப்பு வந்தது. “அன்னிக்குக் காலைல கதவத் தெறந்தா ஊரே வெள்ள. கோல்ஃப் மைதானம் பூராம் உப்பக் கொட்டுன மாதிரி. கிளாஸ் மொத்தமும் அங்கதான். செருப்பக் கழட்டிட்டு ஓடுனோம். எட்டர மணியும் போச்சு, ஒம்பதர மணியும் போச்சு. அப்புறம் ஓடி வந்து பெட்டியத் தெறந்தா, அவசரத்துல கை பட்டுக் குச்சி நகந்துருச்சு. எதையோ ஒண்ண எழுதச் சொன்னா எங்கூடப் படிச்சவ. எனக்கு மனசு வரல. கோடு போட்டேன்.”

“அப்ப அன்னிக்கு எவ்வளவும்மா?”

“யாருக்குத் தெரியும்? இருந்ததுலயே பெரிய குளிரு அதான்டி. எழுதாம விட்டுட்டேன்.”

நாளைக்கு லூதியானாவுக்குப் போன் செய்யப்போவதில்லை என்றார்.

பிப்ரவரி 12, திங்கள்

சாரிடமும் சொன்னோம். தேன்மொழி அக்காவும் இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டுக்குப் பதிலடியாக நாலு நகைச்சுவை தயார் செய்து வைத்திருந்தேன். சார் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“பத்தொம்பது வருசமா இதுக்கு நான்தான் பொறுப்பு. மொத வருசம் ரெண்டு தடவ ஏறுனேன். அப்புறம் முழங்கால் வலி. நீங்க ஏறுறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.” என் நகைச்சுவை நாலும் அப்படியே பையில் கிடக்கின்றன.

தேன்மொழி அக்கா கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. 1999 வரைக்கும் உள்ளதை எடுத்துக்கொள்வாராம். அதற்குப் பிறகு எதையும் சேர்க்க முடியாதாம்.

“எழுதாம விட்டிருந்தாகூடப் பரவாயில்ல டெய்சி. காலியா இருந்தா, தெரியலன்னு தெரிஞ்சிருக்கும்” என்றார்.

இனி யாராவது ஒழுங்காக எழுதினால், 1999க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா: “தெனம் ஏறு. பாத்த நம்பர எனக்கு வந்து சொல்லு. என் வருசத்து நம்பரையும் சொல்லு. சிவநேசனுக்கு மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்.”

பிப்ரவரி 13, செவ்வாய்

“இன்னிக்கி?” “பத்து.” “என் வருசத்துல?” “ஏழு.” அம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார்.

பிப்ரவரி 14, புதன்

பத்தரை. ஏழரை. இன்று சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். நெற்றியில் சாம்பலோடு அம்மா கேட்டார், நெற்றியில் சாம்பலோடு நான் சொன்னேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

ஆறு! அம்மாவின் வருடத்திலேயே ஏழரைதான். படியில் உருண்டு விழாத குறையாக ஓடி வந்தேன். சாயங்காலம் சொன்னதும் அம்மா ராசாமணி மாமா கடையிலிருந்து பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். தவக்காலத்துக்கு நாங்கள் விட்ட பண்டங்களில் பஜ்ஜி இல்லை என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.

பிப்ரவரி 17, சனி

பத்து. அம்மா: “ஒரு நாள் காய்ச்சல் எறங்குனா ஒடம்பு சரியாயிருச்சுன்னா அர்த்தம்?” நேற்றைய பஜ்ஜிக்கு இன்றைக்கு நெஞ்செரிச்சல்.

பிப்ரவரி 21, புதன்

பெட்டியில் பதினொன்று. அம்மாவிடம் ஒன்பது என்றேன்.

பதிவேட்டில் பதினொன்றுதான் எழுதினேன். அது உண்மை. அம்மாவிடம் மட்டும்தான் ஒன்பது. எட்டு என்று சொல்லத்தான் நினைத்தேன்.

பிப்ரவரி 24, சனி

அம்மா மப்ளர்களைக் கம்பியில் தொங்கவிட்டுக்கொண்டே கேட்டார். “புதங்கெழம எவ்வளவு?”

“ஒன்பது.”

“டெய்சி.”

“பதினொண்ணு.”

“ம். மத்த நாள்லாம் கேட்டாத்தான் சொல்லுவ. அன்னிக்கு நான் வாயத் தெறக்கும் முன்னயே சொன்ன.” ஒரு மப்ளரை எடுத்து என் கழுத்தில் சுற்றி இறுக்கினார், கொஞ்சம் தேவைக்கு அதிகமாகவே. “நான் பாவம்னு கொறைக்காதடி. ஏற்கெனவே ஒரு தடவ கொறச்சுக் குடுத்து என்னை ரெண்டு மடங்கு சரக்கு எடுக்க வைக்கப் பாத்தேல்ல?”

“இனிமே கொறைக்க மாட்டேன்.”

“கூட்டவும் வேணாம்.”

பிப்ரவரி 27, செவ்வாய்

ஐம்பது பேர் முடிந்தது. ராக்கெட் பதினொன்று, ஓசோன் ஓட்டை ஒன்பது, செல்போன் கோபுரம் ஏழு, வெளியூர் மூச்சு நாலு, பெடல் படகு ஆறு (வெட்கமாக இருக்கிறது), கடவுள் இரண்டு, சூரியன் பக்கத்தில் வந்தது ஒன்று (அப்பா), கரிப்புகை என்று சரியாகச் சொன்னவர்கள் ஐந்து, எதுவுமே மாறவில்லை என்றவர்கள் ஐந்து. அதில் ஒருவர் நேற்று வந்து, தன் பதிலை அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்லிவிட்டார். எனவே நாலு. காரணம் என்னவென்று எழுத என்று கேட்டதற்கு, “காரணமெல்லாம் அந்த மதுரப் பொண்ணுகிட்டக் கேளு. சூடாயிருச்சுன்னு மட்டும் எழுது” என்றார் அம்மா.

ராசாமணி மாமாவிடம் படகு விஷயம் நான் விட்ட கதை என்று சொல்லிப் பார்த்தேன். “உனக்குத் தெரியாதுப்பா. பேராசிரியரே சொல்லிருக்காரு” என்று டீயை ஆற்றினார்.

பிப்ரவரி 29, வியாழன்

காலையில் பத்தரை. சாயங்காலம் கடைக்குப் போனேன்.

“இன்னிக்கி?”

“பத்தர.”

“என் வருசத்துல?”

பதில் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. “உன் வருசத்துல இந்த நாளே கெடையாதும்மா. இருபத்தெட்டோட முடிஞ்சுபோச்சு. இது லீப் வருசம்.”

அம்மா ஏரிப்பக்கம் பார்த்தார். பெடல் படகுகள் வரிசையாகக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

“அப்ப இன்னிக்கே முடிவு பண்ணிரலாம்” என்றார்.

போன் செய்த அரை மணி நேரத்தில் சிவநேசன் அண்ணன் வந்துவிட்டார். மலையில்தான் எங்கோ இருந்திருக்கிறார். கடையைக் கொடுக்கிறேன் என்றார் அம்மா. அண்ணன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் சுவரெல்லாம் தொங்கும் ஸ்வெட்டர்களைப் பார்த்துத் தயங்கினார்.

“நல்லா யோசிச்சுட்டீங்களாக்கா?”

“பதினாறு வருசமா யோசிக்காம இருந்தேன். இப்ப பதினாறு நாளா யோசிச்சேன்.”

“எனக்கு ஒட்டன்சத்திரத்துக் கடைய விட்டுட்டு இங்க இருக்க முடியாது. ஆள் போடணும். நீங்களே இருந்து பாத்துக்கிறீங்களா? ஃபேன் பத்தியெல்லாம் சொல்லித் தாரேன்.”

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “குளிர வித்தவளுக்குக் காத்த விக்கத் தெரியாதா?”

அண்ணன் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டில் வேறு ஒருவர் என்னைவிட நல்ல நகைச்சுவை சொல்லியிருக்கிறார், அதனால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் போன பிறகு சரக்கை மூட்டை கட்ட ஆரம்பித்தோம். அப்பா வேனோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அப்போது ஒரு வெளியூர் அம்மா பெண் குழந்தையோடு உள்ளே வந்தார். குழந்தைக்கு ஒரு மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “கொடைக்கானல்ல எப்பவும் இந்தக் குளிர்தானா? நெட்ல ரொம்ப ஜில்லுன்னு போட்டிருந்தாங்க.”

நான் அம்மாவைப் பார்த்தேன். ராத்திரி நடுங்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஸ்வெட்டர் விற்றுப்போய்விடும்.

“இல்லைங்க” என்றார் அம்மா. “முன்னாடி இன்னும் நல்லாக் குளிரும். ஜனவரி பத்துல நாலரை. தொட்டித் தண்ணி மேல பனி நிக்கும்.” குழந்தையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, தன் கைவேலையைத் தானே பார்ப்பது போல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “சும்மா சொல்லலைங்க. நானே பாத்து எழுதினது.”